கோட்டூர்புரத்து ஒன்பதாம் வகுப்பு

பள்ளி வாழ்க்கையிலேயே மிக நல்ல ஆண்டு எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். ஒன்பதாம் வகுப்பு! அதையும் கோட்டூர்புரத்தில் படிக்கக் கிடைத்தால், அந்தப் பிள்ளை கொடுத்து வைத்த பிள்ளை.

இந்தப் பேட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. அடுத்த ஆண்டுக்கு யாருக்கு எந்த வகுப்பு என்று எச்.எம். பட்டியல் போட உட்காரும்போதே, "எனக்கு நைன்த் கொடுத்துடுங்க மேடம்" என்று முந்திக்கொண்டு கேட்டு வாங்கிவிடுவேன். ஸ்டாஃப் ரூமில் பத்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்குத்தான் மதிப்பு அதிகம். இருக்கட்டும். ஜூன் தொடங்கி ஏப்ரல் வரை நான் பார்க்கிற கொண்டாட்டத்துக்கு ஈடாக எந்த மதிப்பும் எனக்கு வேண்டாம்.

எட்டு வரைக்கும் அவர்கள் நாம் சொன்னதைச் செய்யும் குழந்தைகள். பத்தில் பொதுத்தேர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். பதினொன்றில் குரூப் பிரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள் பயாலஜிக்கு ஒருத்தி, காமர்ஸுக்கு ஒருத்தி என்று போய்விடுவார்கள். பன்னிரண்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நடுவில் இந்த ஓர் ஆண்டில்தான் பொதுத்தேர்வின் பயமும் இல்லை. தாமாக ஒரு வேலையை எடுத்து, அதற்காகச் சண்டை பிடித்து, கட்சி பிரிந்து, மறுபடி ராசியாகி, கடைசியில் செய்தும் முடிக்கிற வயதும் வந்துவிடுகிறது. இந்த இரண்டும் வேறு எந்த வகுப்பிலும் ஒன்றாகச் சேர்வதில்லை.

இடம் இன்னொரு வரம். காந்தி மண்டபம் சாலை ஒன்று போதும் எங்களுக்கு. அண்ணா நூற்றாண்டு நூலகம் அங்கே. பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் பிர்லா கோளரங்கமும் அங்கே. அண்ணா பல்கலைக்கழகத்து மதில் கூடவே வருகிறது. சாலை முடிகிற இடத்தில் காந்தி மண்டபம், காமராசர் நினைவகம், கிண்டி தேசியப் பூங்கா. வடக்கே அடையாறு. பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மரப்பூங்கா. பாலத்தைத் தாண்டினால் நந்தனம். வெளியூர்ப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் வைத்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து பார்க்கும் இடங்களுக்கு நாங்கள் இரண்டிரண்டு பேராக வரிசை கட்டி நடந்தே போய், அடுத்த பீரியடுக்குத் திரும்பி வந்துவிடுகிறோம்!

ஜூனில் எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது: புதுப் புத்தக வாசனை, பிரவுன் ஷீட் அட்டை, லேபிளில் மிகவும் கவனமாக எழுதிய பெயர். லீடர் தேர்தல் மட்டும் ரகசிய வாக்கெடுப்பாக நடக்கும். சாக்பீஸ் டப்பாதான் வாக்குப்பெட்டி. காலை வழிபாட்டுக் கூட்டம் ஒரு வாரத்துக்கு ஒரு வகுப்பு என்று சுற்றி வரும். எங்கள் வாரம் வந்தால் பிள்ளைகள் தூங்குவதில்லை. தமிழ்த்தாய் வாழ்த்துக்குச் சுருதி பிடிக்கத் தனி ஒத்திகை, குறளும் விளக்கமும் ஒருவர், செய்தி வாசிப்பு ஒருவர், பொது அறிவு ஒருவர். செய்தி வாசிக்கத்தான் அடிதடி. மைக்கின் முன்னால் நின்று முதல் வரி சொல்லும்போது நடுங்குகிற குரல், வெள்ளிக்கிழமைக்குள் மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்வதை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

பிறந்தநாள் விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும்: கலர் டிரஸ், சாக்லேட் டப்பா, ஸ்டாஃப் ரூம் வரை துணைக்கு வர ஒரு சிநேகிதி. யாரைக் கூட்டிப் போவது என்பதில் எத்தனை நட்புகள் முறிந்திருக்கின்றன! எங்கள் வகுப்பில் முன்பொரு செட் பிள்ளைகள் தாங்களே ஒரு சட்டம் போட்டார்கள்: இதுவரை யார் பிறந்தநாளுக்கும் துணைக்குப் போகாதவரைத்தான் கூட்டிப் போக வேண்டும். கூடவே ஒரு புத்தகம் வகுப்பு அலமாரிக்கு, முதல் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதி. அந்தச் சட்டத்தை அடுத்தடுத்த செட்கள் அப்படியே காப்பாற்றி வருகிறார்கள். அலமாரி நிரம்பி இப்போது ஜன்னல் மேடைக்கும் வந்துவிட்டது. எந்தக் கல்வித் துறைச் சுற்றறிக்கையும் செய்ய முடியாததைப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் செய்துவிட்டார்கள்.

ஜூலை 15 காமராசர் பிறந்தநாள். 2006 முதல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அது கல்வி வளர்ச்சி நாள். பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, படத்துக்கு மாலை எல்லாம் எங்கும் உண்டு. நாங்கள் நேரே அவரிடமே போய்விடுகிறோம். 1975 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி பிறந்தநாளன்றே அவர் மறைந்தார். காந்தி மண்டபத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கு நினைவகம். பள்ளியிலிருந்து நடை தூரம். சின்ன வயதிலேயே படிப்பை நிறுத்த நேர்ந்த மனிதர், முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளி திறந்து, பசித்த பிள்ளை படிக்காது என்று மதிய உணவும் போட்டார் என்பதை வகுப்பறையில் சொல்லும்போது அது வரலாற்றுப் பாடம். அங்கே போய் நிற்கும்போது வேறாகிவிடுகிறது.

ஒரு வாரம் முன்பே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துவிடுவேன். "உங்க குடும்பத்துல முதல் முதலா பத்தாவது பாஸ் பண்ணது யாரு? வீட்டுல கேட்டுட்டு வாங்க." அவ்வளவுதான் கேள்வி. நினைவகத்தைப் பார்த்துவிட்டு வெளியே மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்வார்கள். தாத்தா ராயபுரத்தில் தெருவிளக்கில் படித்தார் என்பான் ஒருவன். அத்தைதான் முதலில், அதற்காகப் பாட்டி மூக்குத்தியை விற்றாள் என்பாள் இன்னொருத்தி. ஒரு பையன் சித்தப்பா பெயரைச் சொல்லிவிட்டு, "அவரு மூணாவது அட்டெம்ப்ட்ல பாஸ் பண்ணாரு மிஸ்" என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டான். எல்லோரும் கை தட்டினார்கள். வட்டத்தில் எப்போதும் நான்கைந்து பேர் இருப்பார்கள், "நான்தான் மிஸ், அடுத்த வருஷம்" என்று சொல்பவர்கள். அவர்கள் சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். நேருநகரிலிருந்து நடந்து வரும் பிள்ளையும், கார் வைத்துக் கொண்டுவந்து விடும் வீட்டுப் பிள்ளையும் தங்கள் வீடுகள் எவ்வளவு சமீபத்தில் எழுத்துக்குள் வந்தன என்பதை அந்த அரை மணி நேரத்தில் ஒன்றாகத் தெரிந்துகொள்கிறார்கள். ஆண்டு முழுக்க நடப்பவற்றில் எனக்கு மிகப் பிடித்த இரண்டில் இது ஒன்று.

இன்னொன்று ஆகஸ்ட் 18.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! அன்று நண்பகலில் சென்னையில் நிழல் காணாமல் போகும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். சென்னைக்கு அது ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு தடவை. ஏப்ரலில் ஆண்டுத் தேர்வும் விடுமுறையுமாக இருக்கும். ஆகஸ்ட் எங்களுடையது. தில்லியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் காட்சி ஒருநாளும் கிடைக்காது. அந்த ஊர் கடக ரேகைக்கு வடக்கே போய்விட்டது. கன்னியாகுமரிப் பிள்ளைகளுக்குச் செப்டம்பர் 1 வாக்கில் கிடைக்கும். அதாவது நிழலில்லா நண்பகல் நம்மிடமிருந்து புறப்பட்டு இரண்டு வாரத்தில் குமரிமுனைக்கு நடந்துபோகிறது. இதைச் சொன்னதுமே பிள்ளைகள் தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்து, சிதம்பரத்துக்கு எப்போது, மதுரைக்கு எப்போது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

பதினொரு மணிக்கே மைதானத்துக்கு வந்துவிடுவோம். பி.வி.சி. குழாய்த் துண்டு, எவர்சில்வர் டம்ளர், கிரிக்கெட் ஸ்டம்ப், காலி தண்ணீர் பாட்டில், ஒருத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸ், எது நேராக நிற்குமோ அதெல்லாம் வரும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கே அரை மணி ஆகும். கொத்தனார் ஒருவரின் மகன் வீட்டிலிருந்து தூக்குக்குண்டு கொண்டுவந்தான். அன்றைக்கு அவன்தான் தலைமைப் பொறியாளர். அவன் "சரி" என்று சொன்ன பிறகுதான் எந்தக் குச்சியும் நட்டதாகக் கணக்கு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் சாக்பீஸ் புள்ளி. புள்ளிகள் குச்சியை நோக்கி நெருங்கிக்கொண்டே வரும்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒரு கூட்டம் "ஏமாத்திட்டீங்க மிஸ்" என்று கத்தும், நிழல் இன்னும் மிச்சமிருக்கிறதே என்று. அங்கேதான் பாடம். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. நாமோ அதற்கு மேற்கே இரண்டே கால் டிகிரி தள்ளி இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிஷம், ஆக ஒன்பது நிமிஷம் பொறுக்க வேண்டும். பூமியின் பாதை முழு வட்டமில்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அந்தக் கணக்கில் ஆகஸ்டில் இன்னும் நான்கு நிமிஷம். ஒரு காலத்தில் இந்த ஊருக்கென்று மதராஸ் நேரம் என்றே ஒன்று இருந்தது, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகம்தான் அதைக் கணித்தது, இந்தியாவின் ரயில்கள்கூட அந்த நேரத்தைப் பார்த்து ஓடின என்று சொன்னால், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். நம்ம ஊரா!

12.13. டம்ளரைச் சுற்றி ஒன்றுமில்லை. ஸ்டம்பின் அடியில் ஒன்றுமில்லை. பாட்டிலின் நிழல் பாட்டிலுக்கு அடியிலேயே ஒடுங்கிவிட்டது. நிமிர்ந்து நிற்கும் பிள்ளைகளின் நிழல் அவர்கள் காலடியில் ஒரு சின்னத் திட்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஜன்னல்களில் தலைகள். "போச்சு! போச்சு!" என்ற கூச்சல் ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும். மேகம் மூடிய ஆண்டும் உண்டு. அப்போதும் யாரும் வகுப்புக்குத் திரும்பவில்லை, மேகம் விலகும் என்று அண்ணாந்தபடியே நின்றார்கள். பன்னிரண்டேகால் தாண்டி ஒரு கணம் வெயில் வந்தது. அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது அவர்களுக்கு.

அதே வாரம் பிர்லா கோளரங்கம். 1988இல் திறந்தது, தமிழிலும் காட்சி உண்டு. விளக்கணைந்து குவிமாடத்தில் நட்சத்திரங்கள் கொட்டும்போது எல்லாப் பிள்ளைகளும் "ஓ" என்று இழுப்பார்கள். நகரத்து வெளிச்சத்தில் வளர்ந்தவர்கள், அத்தனை நட்சத்திரங்களை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். மைதானத்தில் தன் கையால் சூரியனை அளந்த பிள்ளை அங்கே உட்கார்ந்து பார்ப்பதற்கும், வெறுமனே டூர் வந்த பிள்ளை பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் கேட்கும் கேள்விகளிலேயே கண்டுகொள்ளலாம்.

செப்டம்பர் 5. பல பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் புடவை கட்டிக்கொண்டு ஆசிரியர்களாக வருவார்கள். எங்கள் பள்ளியில் அது ஒன்பதாம் வகுப்பின் உரிமை. ஆறாம் வகுப்புக்கு அவர்கள்தான் பாடம் எடுப்பார்கள். அம்மாவின் புடவையை ஊக்குகளால் நிறுத்தி, அப்பாவின் சட்டையை உள்ளே செருகி, கையில் வருகைப் பதிவேட்டோடு அவர்கள் நடக்கும் நடை! திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1909இல் ஆசிரியர் வேலையைத் தொடங்கியது இதே சென்னையில், மாநிலக் கல்லூரியில். கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் இங்கிருந்து சற்றுத் தூரத்தில், மயிலாப்பூரில் 'கிரிஜா' என்ற வீட்டில். அந்த வீடு இருக்கும் சாலைக்கே இப்போது அவர் பெயர். அவர் குடியரசுத் தலைவரான 1962 முதல் அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினம். நம் ஊர் வாத்தியார் ஒருவரின் பெயரால் நாடே கொண்டாடுகிற நாள் என்று நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வேன்.

ஓர் ஆசிரியர் தினத்தில், ஜூனிலிருந்து என்னிடம் பத்து வார்த்தைக்கு மேல் பேசியிராத ஒரு பையன் பின்னங்கள் எடுக்கப் போனான். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, "இது மூணு பேருக்கு, இது நாலு பேருக்கு, யாருக்குப் பெருசு கிடைக்கும்?" என்று தொடங்கினான். கீழே எண் பெருகினால் துண்டு சிறுக்கும் என்பது ஆறாம் வகுப்புக்கு அன்றோடு விளங்கிவிட்டது. பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த கணக்கு டீச்சர், அந்தப் பாடத்தை இனிமேல் பிஸ்கட்டோடுதான் எடுப்பேன் என்று ஸ்டாஃப் ரூமில் அறிவித்தார். அந்தப் பையன் அதற்குப் பிறகு வகுப்பில் கையைத் தூக்காத நாளே இல்லை.

காலாண்டுத் தேர்வு வரும், போகும். ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள் வகுப்பறையைக் கழுவி, பெஞ்சுகளில் ஒட்டியிருக்கும் சூயிங்கம்மைச் சுரண்டி, கரும்பலகைக்குப் பொட்டு வைத்து, பொரி, சுண்டல் பகிர்ந்து சாப்பிடுவார்கள். ஆய்வகத்து நுண்ணோக்கிக்கும் சந்தனப் பொட்டு வைப்பது என் வகுப்பின் வழக்கம். அக்டோபரில் கலைத் திருவிழாப் பேச்சு களை கட்டும். அரசுப் பள்ளிகளில் 2022–23 முதல் நடக்கிறது. மாநில அளவில் வென்றால் கலையரசன், கலையரசி பட்டம். பறையும் வில்லுப்பாட்டும் பொம்மலாட்டமும் பள்ளி வளாகங்களுக்குள் இவ்வளவு உரிமையோடு கேட்பது எனக்குத் தெரிந்து இப்போதுதான். இதைத் தொடங்கியவர்களுக்குக் கோடி கும்பிடு.

பிறகு மழை. சென்னைப் பிள்ளைகளுக்கு நவம்பர் என்றால் டிவியின் அடியில் ஓடும் எழுத்து. கலெக்டர் விடுமுறை விட்டாரா இல்லையா என்று விடியற்காலையிலிருந்து காத்துக் கிடப்பார்கள். ஆனால் ஆற்றோரப் பேட்டையில் மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் கொட்டிய மழையும் சேர்ந்து அடையாறு ஊருக்குள் வந்தது. கோட்டூர்புரத்தில் தரைத்தளங்கள் மூழ்கின. படகில் மீட்டார்கள். அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வையே ஜனவரிக்குத் தள்ளிவைத்தது அரசு. பள்ளி திறந்தபோது வகுப்பில் பலரிடம் புத்தகம் இல்லை, நோட்டு இல்லை. புத்தகத்தை அரசு மறுபடி கொடுத்தது. நோட்டை யார் கொடுப்பார்கள்? மாடி வீட்டில் இருந்ததால் தப்பித்த பிள்ளைகள் பாடத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு, இல்லாதவர்களுக்காக ஜூன் முதல் நடந்த அத்தனையையும் கை வலிக்க வலிக்கப் படியெடுத்தார்கள். நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை.

அதிலிருந்து வந்ததுதான் வகுப்பு நோட்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று. நாளொருவர் முறை வைத்து எழுதுவார்கள். அலமாரியின் மேல் தட்டில், தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கும். அம்மை போட்டு லீவில் இருந்தவர், ஊரில் பாட்டி செத்துப்போய்ப் பத்து நாள் வராதவர், எல்லோருக்கும் அந்த நோட்டுத்தான் துணை. வெள்ளத்தின்போது சின்னக் குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று அதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்!

நூலகத்துக்கு வருகிறேன். அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில் திறந்தது. எட்டு மாடி. மாதத்தில் ஒரு பிற்பகல் எங்களுக்கு அங்கேதான். சின்ன வகுப்புகளில் வந்தபோது குழந்தைகள் பகுதியில், அந்தப் பெரிய செயற்கை மரத்தின் கீழ் உட்கார்ந்து படம் பார்த்துப் போன பிள்ளைகள்தான் இவர்கள். ஒன்பதாம் வகுப்பில் முதல் தடவையாக அவர்களை மேலே, தமிழ் நூல்கள் தளத்துக்கு அழைத்துப் போகிறேன். வரிசை வரிசையாகப் போகும் அடுக்குகளைப் பார்த்து வாயடைத்து நிற்பார்கள். விதி ஒன்றே ஒன்று: யாருக்கும் எந்தப் புத்தகத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கை போன அடுக்கில் எடுத்து, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். மெட்ரோ ரயிலைப் பற்றிப் படிக்க வந்தவள் கு. அழகிரிசாமியோடு உட்கார்ந்துவிட்டாள். கிரிக்கெட் தேடி வந்தவன் தேனீ வளர்ப்பைப் படித்தான். இப்போது வகுப்பில் தேனீயைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவனிடம்தான் போகிறார்கள். தரைத்தளத்தில் பிரெய்ல் பகுதி இருக்கிறது. அங்கே விரலால் படிப்பவர்களைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் அடுத்த மாதத்துக்குள் தங்கள் பெயரைப் பிரெய்லில் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டார்கள். 2011இல் இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அப்போதைய அரசு முடிவெடுத்ததும், உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நூலகம் நூலகமாகவே நின்றது. அந்தத் தடைக்காக வழக்காடியவர்களை நான் ஒவ்வொரு மாதமும் மனதுக்குள் வாழ்த்துகிறேன்.

ஜனவரி முழுக்கத் திருவிழா. மைதானத்தில் செங்கல் அடுப்பு மூட்டிச் சமத்துவப் பொங்கல், பானையில் பால் பொங்கி வழியும்போது எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே குரலில் "பொங்கலோ பொங்கல்!" வகுப்புக்கு ஒரு கோலம், அதில் பையன்களும் கட்டாயம் கோலப்பொடி பிடிக்க வேண்டும். ஐ.ஐ.டி. மாணவர்கள் நடத்தும் சாஸ்த்ரா விழாவுக்கும் ஆர்வமுள்ளவர்களை அழைத்துப் போவதுண்டு. ரோபோவைப் பார்த்ததைவிட உள்ளே மான்கள் தாராளமாக மேய்வதைப் பார்த்ததுதான் பாதிப் பேருக்குப் பெரிய செய்தி.

பாலம் தாண்டி நந்தனத்தில் சென்னைப் புத்தகக் காட்சி. 1977இல் முதல் காட்சி நடந்தது அண்ணா சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில், மதரஸா-ஏ-ஆஸம் பள்ளியில் என்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த தகவல். ஜூனிலேயே வகுப்பில் உண்டியல் வைத்துவிடுகிறோம். சில்லறையும் பத்து ரூபாய் நோட்டுமாகச் சேர்ந்ததை எண்ணி, என்ன வாங்குவது என்று ஒரு குழு, அதை எதிர்க்க ஒரு குழு. ஒரு நாவலா, நான்கு சிறுகதைத் தொகுப்பா என்று மிளகாய் பஜ்ஜிக் கடை ஓரத்தில் நின்று அவர்கள் விவாதித்ததைக் கேட்டு, கடைக்காரர் ஒருவர் கழிவைக் கூட்டிக் கொடுத்தார். இரண்டுமே வாங்கினோம்.

அதே நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கியது, எங்கள் பி.டி. சார் அங்கே படித்தவர். விளையாட்டு விழாவில் அவர் கண் முழுக்கக் கயிறு இழுத்தலில்தான் இருக்கும். சேர, சோழ, பாண்டிய, பல்லவ என்று நான்கு அணி. ஒன்பதாம் வகுப்புதான் எல்லா அணிக்கும் முதுகெலும்பு, ஏனெனில் பத்தும் பன்னிரண்டும் ஸ்பெஷல் கிளாஸில் இருப்பார்கள். தொண்டை கட்டிப்போய் மறுநாள் யாருக்கும் குரலே வராது.

பிப்ரவரியில் பத்தாம் வகுப்புக்கு வழியனுப்பு விழா. அதை நடத்துவது முழுக்க முழுக்க ஒன்பதாம் வகுப்பு. காசு வசூல், அலங்காரம், சாப்பாடு, நிகழ்ச்சி எல்லாம் அவர்களே. ஒவ்வோர் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரு பேனா. அதைச் சுற்றி ஒரு சீட்டு, அதில் அந்த ஆள் ஒன்பதாம் வகுப்புக்குச் செய்த ஏதாவது ஒரு நல்ல காரியம். "லேப்ல நான் பீக்கரை உடைச்சப்போ தான் உடைச்சதா சொன்னீங்க, அண்ணா." இப்படி ஒவ்வொருவருக்கும் கண்டுபிடித்து எழுத ஒரு மாதம் துப்பறிவார்கள். ஹால் டிக்கெட்டோடு அந்தச் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்து, தேர்வு முடிந்ததும் என்னிடம் காட்டிய பிள்ளைகள் உண்டு. ஸ்லாம் புக், சட்டையில் கையெழுத்து எல்லாம் இருக்கத்தான் செய்கிறது. எனக்கு இந்தச் சீட்டுகள்தான் உசத்தி.

ஏப்ரலில் தேர்வு முடிந்த மறுநாள் மரப்பூங்கா. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குப்பை கொட்டிக் கிடந்த ஆற்றோர நிலத்தை 'நிழல்' அமைப்பினர் நம் மண்ணின் மரங்களால் நிரப்பினார்கள். பூவரசு, புங்கன், நாவல், நீர்மருது என்று இலையைத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டு ஒரு சுற்று வருவோம். ஜூனில் வேம்பு தவிர வேறெதுவும் தெரியாமல் வந்தவர்கள் அன்று எனக்கே சொல்லிக்கொடுப்பார்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பின் பாதியிலேயே பத்தாம் வகுப்புப் போர்ஷனைத் தொடங்கிவிடுகிறார்கள். டியூஷனில் ஜூனிலேயே தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். செய்தால் வேண்டாமென்று சொல்லுங்கள். அந்தப் பாடத்துக்கு ஒரு முழு ஆண்டு காத்திருக்கிறது, அது எங்கும் ஓடிப்போகாது. வகுப்பு ஆசிரியை நூலகத்துக்கோ கோளரங்கத்துக்கோ அழைத்துப் போக ஒப்புதல் சீட்டு அனுப்பினால், எதற்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உங்கள் பிள்ளை தமிழ்நாட்டில் எந்த ஊரில் படித்தாலும் சரி, அந்த ஊருக்கு நிழலில்லா நண்பகல் எந்தத் தேதியில் வருகிறது என்று அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு மட்டும் லீவு போட விடாதீர்கள்.